354 கிலோமீட்டர்: சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு எவ்வளவு நேரம்?

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு நேர்கோட்டுத் தூரம் ஏறக்குறைய 354 கிலோமீட்டர். அதே மீனம்பாக்கத்திலிருந்து கோயம்புத்தூர் சுமார் 404 கிலோமீட்டர், மதுரை சுமார் 416 கிலோமீட்டர், தூத்துக்குடி 525 கிலோமீட்டரையும் தாண்டும். வானத்தில் அளந்தால், சென்னைக்காரருக்கு மதுரையைவிட யாழ்ப்பாணம் பக்கம். இதைச் சொல்லும்போது நண்பர்கள் பெரும்பாலும் நம்புவதில்லை. கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, விரலால் அளந்து பார்த்த பிறகுதான் ஒப்புக்கொள்கிறார்கள். மதுரையும் பலாலியும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன என்பதும், மதுரைக்குப் போகத் தெற்கே இறங்குவதோடு மேற்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் விலகவும் வேண்டும் என்பதும் வரைபடத்தைப் பார்த்தால் உடனே விளங்கும். ஆயினும் வெளிநாடு என்றாலே தொலைவு என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது.

என் மனைவியின் ஊர் யாழ்ப்பாணத்தில் பலாலி வீதியை ஒட்டிய உரும்பிராய். ஆகவே இந்தத் தூரமும் இதைக் கடக்க ஆகும் நேரமும் எங்கள் வீட்டில் அடிக்கடி பேசப்படும் செய்திகள். இரண்டும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தளர்வாகத் தொடர்புற்றிருக்கின்றன என்பதை இந்த ஒரு வழித்தடத்தைக் கவனித்தே நான் தெரிந்துகொண்டேன்.

முதலில் தூரம். சென்னை விமான நிலையம் வடக்கு அட்சரேகை 12.99 பாகையிலும், பலாலி 9.79 பாகையிலும் அமைந்துள்ளன. தீர்க்கரேகையில் இரண்டும் ஏறத்தாழ 80.1 பாகையைச் சுற்றியே இருப்பதால், ஒன்று மற்றொன்றுக்கு நேர் தெற்கே கிடக்கிறது என்று சொல்லிவிடலாம். இப்படி வடக்கு தெற்காக அமைந்த ஊர்களுக்குக் கணினி கூடத் தேவையில்லை. அட்சரேகையில் ஒரு பாகைக்கு 60 கலைகள்; ஒரு கலை ஏறக்குறைய ஒரு கடல்மைல்; ஒரு கடல்மைல் 1,852 மீட்டர். இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள 3.2 பாகையை 192 கடல்மைல் என்று கொண்டால், 355 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. பூமியைச் சரியான உருண்டையாகக் கொள்ளும் கணிப்பான்கள் இந்த 356 என்ற எண்ணைத் தருகின்றன. துருவங்களில் சற்றே தட்டையான அதன் உண்மை வடிவத்தைக் கணக்கில் எடுப்பவை 354 என்கின்றன. நிலநடுக்கோட்டுக்கு அருகில் அட்சரேகைப் பாகை ஒன்றின் நீளம் சற்றுக் குறைவு, 110.6 கிலோமீட்டர்தான் என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

வேறு சில இணையப் பக்கங்கள் 380 என்று காட்டுவதையும் பார்க்கலாம். அவையும் தவறல்ல. அவை விமான நிலையங்களை விட்டுவிட்டு, சென்னைக் கோட்டைப் பகுதியிலிருந்து யாழ்ப்பாண நகரம் வரை அளக்கின்றன. மீனம்பாக்கம் சென்னையின் தென்புறத்தில் இருக்கிறது, பலாலி யாழ்ப்பாண நகருக்கு வடக்கே இருக்கிறது. இரண்டு விமான நிலையங்களும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து நிற்பதால், நகர மையங்களுக்கு இடையிலான தூரத்தில் இருபத்தைந்து கிலோமீட்டர் குறைந்துவிடுகிறது. அந்த இருபத்தைந்தையும் பயணி கடக்கத்தான் வேண்டும், ஆனால் ஆட்டோவிலும் பேருந்திலும்.

நேரத்துக்கு வருவோம். தூரத்தோடு பறக்கும் நேரத்தையும் தரும் கணிப்பான்களில் பல ஓர் எளிய சூத்திரத்தை வைத்திருக்கின்றன: தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் அளவிலான ஒரு வேகத்தால் வகுத்து, ஏறுவதற்கும் இறங்குவதற்குமாக அரை மணி நேரத்தைச் சேர்ப்பது. அந்தக் கணக்கில் சென்னை யாழ்ப்பாணம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். விமான நிறுவனத்தின் அட்டவணையோ ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் என்கிறது. சூத்திரம் ஜெட் விமானத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பலாலிக்குப் போவதோ ஏ.டி.ஆர். 72 என்னும் டர்போபிராப் விமானம் என்பதில் பாதிக் காரணம் அடங்கிவிடுகிறது.

இறக்கைகள் உடலுக்கு மேலே பொருத்தப்பட்டு, ஆறு இதழ்கள் கொண்ட இரண்டு புரொப்பெல்லர்கள் சுழல, பின்பக்கக் கதவு வழியாகப் பயணிகளை ஏற்றும் இந்தச் சிறு விமானத்தில் எழுபதிலிருந்து எழுபத்தெட்டுப் பேர் வரை அமரலாம். இதன் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட் 800 கிலோமீட்டருக்கு மேல் போகும். அப்படியானால் பலாலிக்கு ஏன் ஜெட் போகவில்லை என்ற கேள்விக்கு ஓடுபாதை பதில் சொல்கிறது. பயன்பாட்டுக்குச் செப்பனிடப்பட்ட ஓடுபாதையின் நீளம், முழுச்சுமையோடு வரும் ஜெட்டுக்குப் போதாது. குறுகிய ஓடுபாதையில் இறங்கி ஏறுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட ஏ.டி.ஆருக்குப் போதும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வானத்தைக் கடக்கும் வேகத்தைத் தரையில் கிடக்கும் சில நூறு மீட்டர் தார் முடிவு செய்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

இன்னொரு பாதிக் காரணம், அட்டவணையில் அச்சாகும் நேரம் பறக்கும் நேரமே அல்ல என்பது. சென்னையில் விமானம் நின்ற இடத்தைவிட்டு நகரத் தொடங்குவதிலிருந்து, பலாலியில் வந்து நின்று சக்கரங்களுக்குக் கட்டை வைக்கப்படும் வரையிலான முழு நேரமே அதில் குறிக்கப்படுகிறது. என் கணக்குத் தோராயமானதுதான்: சென்னை போன்ற நெரிசலான நிலையத்தில் தரையில் ஊர்ந்து, வரிசையில் காத்திருந்து, ஓடுபாதையை அடையப் பத்துப் பதினைந்து நிமிடங்கள், 354 கிலோமீட்டரை 500 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க நாற்பத்திரண்டு அல்லது நாற்பத்து மூன்று நிமிடங்கள், ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவதாலும், ஓடுபாதையின் திசைக்கேற்பச் சுற்றி வர வேண்டியிருப்பதாலும் மேலும் பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள், பலாலியில் ஊர்ந்து வந்து நிற்க ஓரிரு நிமிடங்கள். எஞ்சுவது தாமதத்துக்காக விமான நிறுவனம் வைத்துக்கொள்ளும் இடைவெளி. வழியில் எந்தத் தடையும் இல்லாத நாளில் விமானம் அட்டவணைக்கு முன்பே வந்து சேர்வதும், அதைப் பணியாளர்கள் பெருமையோடு அறிவிப்பதும் இந்த இடைவெளியின் உபயம்.

இப்போது கொழும்பை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் சுமார் 644 கிலோமீட்டர். பலாலியைவிட 290 கிலோமீட்டர் கூடுதல். ஆனால் ஜெட் விமானத்தின் அட்டவணை நேரம் ஒரு மணி இருபது, இருபத்தைந்து நிமிட அளவில்தான் இருக்கிறது. ஏறத்தாழ இருமடங்கு தூரத்துக்கு ஐந்து, பத்து நிமிடங்களே அதிகம். தூரத்தை வைத்து நேரத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு சோடியை எடுத்துக்காட்டினால் போதும்.

இந்த எண்களில் இன்னொரு செய்தி ஒளிந்திருக்கிறது. கட்டுநாயக்கவிலிருந்து பலாலி நேர்கோட்டில் ஏறக்குறைய 290 கிலோமீட்டர். பலாலியிலிருந்து சென்னை 354. இரண்டையும் கூட்டினால் 644. அதாவது மூன்று நிலையங்களும் ஒரே கோட்டில் கிடக்கின்றன. கொழும்புக்கும் சென்னைக்கும் இடையே வரைபடத்தில் ஒரு நேர்கோடு இழுத்தால், அது யாழ்ப்பாண நகரின் மேலாகவே செல்லும். விமானங்கள் வகுக்கப்பட்ட வான்தடங்களில் சற்று விலகிப் பறக்கலாம், ஆனால் கோடு அதுதான். போர் முடிந்த பின்னும் பத்து ஆண்டுகளுக்கு, யாழ்ப்பாணத்தவர் சென்னைக்கு வர வேண்டுமானால், இரவுப் பேருந்திலோ ரயிலிலோ ஏழெட்டு மணி நேரம் தெற்கே போய், கட்டுநாயக்கவில் விமானம் ஏறி, வந்த வழியே வானத்தில் திரும்ப வேண்டியிருந்தது. என் மாமனார் இதைத் தம் பாணியில் சொல்வார்: "எங்கட வீட்டுக்கு மேலாலதான் மெட்ராசுக்குப் போறம், தம்பி. இறக்கிவிடத்தான் ஆளில்லை."

அவர் தலைமுறைக்கு இது இருமடங்கு எரிச்சலான விஷயம், ஏனென்றால் நேர்வழி ஒரு காலத்தில் இருந்தது. பலாலி விமானத் தளம் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையால் அமைக்கப்பட்டது. ஏர் சிலோன் நிறுவனம் தன் முதல் பயணத்தை 1947 டிசம்பர் 10 அன்று தொடங்கியபோது, 'சீதா தேவி' என்று பெயரிடப்பட்ட டக்கோட்டா விமானம் கொழும்பு இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை என்று அப்போது வழங்கிய இந்தத் தளத்தில் இறங்கி, பிறகு சென்னைக்குப் போனது. டக்கோட்டாவின் பயண வேகம் மணிக்குச் சுமார் 300 கிலோமீட்டர். ஆகவே பலாலியிலிருந்து சென்னைக்கு அது வானில் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவோ கூடவோ எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். முக்கால் நூற்றாண்டு கழித்து நாம் ஏ.டி.ஆரில் மிச்சப்படுத்தியிருப்பது, கணக்குப் பார்த்தால், கால் மணி நேரம்.

இடையில் அந்த வழி மூடிக்கிடந்த காலத்தை எந்தக் கணிப்பானும் காட்டாது. உள்நாட்டுப் போர் தொடங்கியதும் பலாலி இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போனது; தமிழகத்துக்கான பயணிகள் சேவை இல்லாமலானது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. ஏ9 நெடுஞ்சாலை பல ஆண்டுகள் மூடியும் இடையில் திறந்தும் மீண்டும் மூடியும் கிடந்தது. தரைவழி அடைபட்ட நாட்களில் பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையே தனியார் விமானங்கள் பறந்தன. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் ஏர் விமானம் மன்னாருக்கு அப்பால் கடலில் விழுந்தது. அதில் இருந்த 55 பேரும் இறந்தனர். அது சுட்டு வீழ்த்தப்பட்டது. அந்தப் பயணமும் அட்டவணையில் ஒரு மணி நேர அளவிலான சின்னப் பயணம்தான்.

அதே காலத்தைச் சேர்ந்த இன்னொரு சங்கதியும் உண்டு. விமானச் சீட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரப்படி அச்சாகும். இன்று இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம் என்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் பயண நேரம் கிடைத்துவிடுகிறது. ஆனால் 1996இல் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, அதே ஆண்டிலேயே அதில் அரை மணியைக் குறைத்து, 2006 ஏப்ரல் வரை இந்தியாவைவிட அரை மணி நேரம் முந்தியே இருந்தது. அந்த ஆண்டுகளில் கொழும்புக்குப் போகும் சீட்டைப் படித்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம் போலவும், திரும்பும் சீட்டைப் படித்தால் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணம் போலவும் தோன்றும். விடுதலைப் புலிகள் தம் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரத்தையே வைத்திருந்ததால், ஏ9 சாலையில் போகிறவர் ஒரே தீவுக்குள் சோதனைச் சாவடிகளைக் கடக்கும்போது கடிகாரத்தையும் மாற்ற வேண்டியிருந்தது.

2019 அக்டோபரில் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பயணிகளை ஏற்றிப் பறக்கத் தொடங்கியது. சில மாதங்களில் கொரோனா வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. 2022 டிசம்பரில் சேவை மீண்டது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து ஏ.டி.ஆர். விமானத்தை இயக்கத் தொடங்கி, 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் ஒரு சேவையைச் சேர்த்தது.

திருச்சி வழித்தடம் தூரம் பற்றிய இந்தப் பேச்சை இன்னும் சுவையாக்குகிறது. திருச்சியிலிருந்து பலாலி நேர்கோட்டில் சுமார் 184 கிலோமீட்டர்தான். திருச்சியிலிருந்து சென்னைக்கான வான்தூரம் இதைவிட நூறு கிலோமீட்டருக்கு மேல் அதிகம். சென்னைத் தடத்தில் பாதித் தூரம் என்பதால் பாதி நேரம் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அட்டவணை நேரம் ஒரு மணியை ஒட்டியே இருக்கிறது. ஏறுவதும் இறங்குவதும் ஊர்வதும் எத்தனை குறுகிய பயணமானாலும் சுருங்குவதில்லை.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையிலிருந்து இலண்டன் போகும் நெடும்பயணங்களில் எதிர்க்காற்றும் பின்காற்றும் போக்குக்கும் வரவுக்கும் இடையே கணிசமான வேறுபாட்டை உண்டாக்கும். நம் தடத்தில் அது பெரிதல்ல. தென்மேற்குப் பருவக்காற்றில் தெற்கு நோக்கிப் பறக்கும்போது மணிக்கு 37 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தால், நாற்பத்து மூன்று நிமிடம் நாற்பத்தாறு ஆகும். மூன்று நிமிடம்தான் இழப்பு. காற்றைவிட மேகம்தான் இங்கே தொல்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இடிமேகங்களைச் சுற்றிப் போவதும், இறங்க முடியாமல் வட்டமடிப்பதும், அரிதாகத் திரும்பிவிடுவதும் நடக்கக்கூடியவை. ஜெட் விமானங்கள் பல மேகங்களுக்கு மேலே ஏறிவிடும். ஐந்தாறு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் ஏ.டி.ஆர். அவற்றுக்கு ஊடாகவோ பக்கவாட்டிலோதான் வழி தேட வேண்டும். குலுங்கும், அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் காபியைக் கையில் வைத்திருக்க வேண்டாம்.

வானம் தெளிந்த நாளில் தெற்கே போகிறவர்கள் வலப்பக்கச் சன்னலைக் கேட்டு வாங்குவது நல்லது. நேர்கோடு பெரும்பாலும் கடல் மேலேயே போகிறது. சோழமண்டலக் கரை இருபது முப்பது கிலோமீட்டர் மேற்கே கூடவே வருகிறது. இறக்கை மேலே இருப்பதால் பார்வையை மறைக்காது. புதுச்சேரி, கடலூர், காரைக்கால், நாகப்பட்டினம் என்று கரை நகர்ந்து, கோடியக்கரையில் திடீரென்று மேற்கே மடங்கிவிடுகிறது. அங்கிருந்து காங்கேசன்துறை ஐம்பத்து ஐந்து கிலோமீட்டருக்குள். பாக்கு நீரிணை என்று பாடத்தில் படித்த கடல் ஆறு ஏழு நிமிடங்களில் முடிந்துபோகிறது. அதற்குள் விமானம் சென்னைக் கட்டுப்பாட்டு வான்பரப்பிலிருந்து கொழும்பின் கட்டுப்பாட்டுக்குக் கைமாறியிருக்கும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஓடும் பயணிகள் கப்பல் 60 கடல்மைலைக் கடக்க நான்கு மணி நேர அளவில் எடுத்துக்கொள்கிறது. தஞ்சை, நாகை மாவட்டத்துக்காரர்களுக்கு, சென்னைக்கு வந்து விமானம் ஏறும் நேரத்தைச் சேர்த்துப் பார்த்தால், அந்தக் கப்பல் ஒன்றும் மெதுவானதல்ல.

வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கணக்குப் பார்ப்பதே நேர்மையானது என்பது என் கருத்து. தாம்பரத்தில் இருக்கும் நான் பன்னாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருக்க வேண்டும். அதற்கு அரை மணி முன்பே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். பயணம் ஒன்றேகால் மணி. பலாலியின் சிறிய கட்டடத்தில் குடிவரவு, சுங்கம், பெட்டிகள் என்று முக்கால் மணி. உரும்பிராய்க்குச் சாலையில் கால் மணி, இருபது நிமிடம். மொத்தம் ஆறு மணி நேரத்தை ஒட்டி வருகிறது. கட்டுநாயக்க வழியில் இதே பயணத்துக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக ஆனதில்லை. மதுரைக்கு என்றால், கூடுதலான தூரத்தைக் கடந்தும் வாசலுக்கு வாசல் நான்கு மணி நேரத்தில் போய்விடலாம். உள்நாட்டுப் பயணத்துக்குக் குடிவரவு வரிசை கிடையாது. மதுரையைவிட யாழ்ப்பாணம் பக்கம் என்று சொன்னால் நண்பர்கள் நம்ப மறுப்பதில், இந்த வகையில், ஒரு நியாயம் இருக்கிறது.

பலாலி ஓடுபாதையை ஏ320 வகை விமானங்கள் இறங்கும் அளவுக்கு நீட்டவேண்டும் என்ற பேச்சு நெடுநாளாக இருக்கிறது. நீட்டினால் கூடுதல் இருக்கைகள் கிடைக்கும், பெட்டிகளின் எடைக்கு இப்போதுள்ள கெடுபிடி தளரும், கட்டணமும் இறங்கக்கூடும். அவற்றுக்காக நான் அதை வரவேற்கிறேன். நேரத்துக்காக என்று யாராவது சொன்னால் மட்டும் உடன்படமாட்டேன். 354 கிலோமீட்டரில் ஜெட் மிச்சப்படுத்துவது பதினைந்து நிமிடம். அதைவிட அதிகமான நேரத்தை மீனம்பாக்கத்தில் குடிவரவுச் சாளரங்கள் இரண்டைக் கூடுதலாகத் திறந்தே மிச்சப்படுத்திவிடலாம்.